ரோடு எந்தப் பக்கம்?

லால்நாலா, ரங்கத்.
18.1.2024

அன்புத் தம்பி பாலகுமாருக்கு அக்கா ஜெயலட்சுமி எழுதுவது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். நீயும் உமாவும் எப்படி இருக்கிறீர்கள்? தினமும் பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெர்ரி ஏறி போர்ட் பிளேயர் ஆபீஸ் போகிறவன், மேல்தட்டில் காற்று வாங்கிக்கொண்டு நிற்காதே. உன் நெஞ்சு தாங்காது.

மூன்று பேர் என்றதும் யாரென்று யோசிப்பாய். ரூபா வந்திருக்கிறாள். பொங்கலுக்கு வந்ததாக ஊரில் சொல்லி வைத்திருக்கிறோம். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அவள் இனி மெயின்லேண்டுக்குத் திரும்புவதாக இல்லை. மாப்பிள்ளை கை நீட்டுகிறார். கப்பலை விட்டு இறங்கியபோதும் இடது கன்னம் வீங்கித்தான் இருந்தது. உன் மச்சான் பையை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டியாம்மா?" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் வாசலில் நின்று போகிற வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அம்மா, முன்னாடி ஒரு ரூம் எடுத்து டீக்கடை போடுறேன்" என்றாள். ரோடு அகலமானால் வண்டி கூடும், நம் வாசலில் நிற்கும் என்று கணக்குப் போடுகிறாள். எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது. மச்சான்தான், "தம்பி அந்த ரோடு ஆபீஸ்லதானே படம் போடுறான். ஒரு வார்த்தை கேட்டுட்டு அஸ்திவாரம் தோண்டு" என்கிறார்.

போன மாதம் சர்வேக்காரர்கள் வந்து ரோட்டின் இரண்டு பக்கமும் சிவப்புப் பெயிண்ட் அடித்த முளை அடித்துவிட்டுப் போனார்கள். ஆகையால் கேட்கிறேன். ரோடு எந்தப் பக்கம் அகலமாகிறது? நம் வீட்டுப் பக்கமா, நாலா ஓடையின் பக்கமா?

இங்கே டவர் எடுக்காது என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூட மேட்டில் ஏறி நின்று கத்தினால் ரூபா கதை ஊருக்கே தெரிந்துவிடும். வழக்கம்போல் பஸ் டிரைவர் ஈஸ்வரனிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு. பாக்கு ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன், உமாவின் அம்மாவுக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா
ஜெயலட்சுமி


பாம்பூஃப்ளாட்.
6.2.2024

என் அக்காவுக்கு, பாலா வணக்கத்துடன் எழுதுவது.

கடவுள் கருணையால் இங்கு குறையில்லை. மச்சானுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பாக்கு வந்து சேர்ந்தது. அத்தை மிகவும் சந்தோஷப்பட்டார்கள்.

ரூபாவைப் பற்றிப் படித்துவிட்டு உமா அன்று சாப்பிடவில்லை. அவளை யாரும் ஒன்றும் கேட்க வேண்டாம். நம்மோடு இருக்கட்டும்.

நீ ரோட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அந்த ரோடு ஒரு இடத்தில் நின்றதே இல்லை அக்கா. ஆபீஸில் பழைய வரைபடங்களை ஸ்கேன் பண்ணும் வேலை எனக்கு வந்தபோது பார்த்தேன். அப்பா கூலிக்கு வந்த காலத்தில் அது நாலாவுக்கு அந்தப் பக்கம், சேற்று ஓரமாகப் போயிருக்கிறது. மரம் இழுக்கிற யானைத் தடத்தைத்தான் அகலப்படுத்தியிருக்கிறார்கள். ஒரு மழையில் மரப்பாலம் அடித்துக்கொண்டு போன பிறகு மலைச்சரிவுக்கு ஏற்றினார்கள். சரிவு இடிந்து விழுந்தது. அதற்குப் பிறகுதான் இறக்கி, இப்போது உன் வாசலில் போகிறதே, அந்த இடத்தில் போட்டார்கள். அப்பா வீடு கட்டியபோது அங்கே ரோடே கிடையாது. நாம் ரோட்டோரம் குடியேறவில்லை, ரோடுதான் நம் ஓரத்துக்கு வந்தது. ரோட்டின் எண்ணும் அப்படித்தான். முதலில் எண்ணே இல்லாமல் வெறும் ஏ.டி.ஆர்., அதாவது அந்தமான் டிரங்க் ரோடு என்றார்கள். பிறகு தேசிய நெடுஞ்சாலை 223 என்றார்கள். இப்போது 4. நடுவில் எத்தனை கோடு போட்டு எத்தனை கோடு அழித்தார்கள் என்று எனக்குத்தான் தெரியும்.

முளை அடிப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அடிப்பார்கள், பிடுங்குவார்கள். கட்டுகிற விஷயத்தில் மச்சான் அனுபவஸ்தர், அவருக்குச் சரியென்று படுவதைச் செய்யட்டும்.

ரூபாவுக்கு என் அன்பு.
தம்பி
பாலகுமார்


லால்நாலா.
22.2.2024

பாலாவுக்கு அக்கா எழுதுகிறேன்.

சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். மச்சானின் முழங்கால் பரவாயில்லை, ஏணி ஏறுகிறார்.

உன் கடிதத்தை ரூபா சத்தமாக வாசித்தாள். யானை வருகிற இடத்தில் மச்சான் சிரித்தார். எல்லாம் எழுதியிருக்கிறாய், நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. நான் அதைச் சொன்னதற்கு, "ஆபத்துன்னா தம்பி சொல்லாம இருப்பானா? அவன் வேண்டாம்னு எழுதலையே" என்றார் மச்சான். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. வெள்ளிக்கிழமை பூஜை போட்டு அஸ்திவாரம் தோண்டிவிட்டோம்.

ரூபா மண் சுமக்கிறாள். "விடும்மா, ஆள் வைச்சுக்கலாம்" என்றாலும் கேட்பதில்லை. கன்னத்து வீக்கம் வடிந்துவிட்டது. நேற்று அப்பாவும் மகளும் கடைக்குக் கதவு வேண்டுமா, ஷட்டர் வேண்டுமா என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். அவள் இந்த வீட்டில் சத்தம் போட்டுப் பேசி எத்தனையோ வருடம் ஆகிறது. அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

உமாவுக்கு மாத்திரை தவறாமல் கொடு.
அக்கா
ஜெயலட்சுமி


லால்நாலா.
29.3.2024

தம்பி,

நலமாக இருக்கிறாயா? ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, உன் கடிதம் வரவில்லை. ஈஸ்வரனைக் கேட்டால், "சார் ஃபெர்ரிக்கு ஓடிட்டிருந்தாரு, அப்புறம் தர்றேன்னாரு" என்கிறார். வேலை அதிகமோ? உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

கடை திறந்துவிட்டோம். முன்பக்கம் சிமெண்ட் கல்லில் ஒரு அறை, வீட்டுக் கூரையோடு சேர்த்துத் தகரம். கடைசியில் ஷட்டர்தான். ரூபா ஜெயித்துவிட்டாள். காலையில் டீ, பூரி, உருளைக்கிழங்கு. முதல் நாளே ஈஸ்வரன் பஸ்ஸை நிறுத்தி, "பத்து நிமிஷம் ருக்கேகா, வண்டி நிக்கும்! எறங்கிக் குடிச்சுக்குங்க" என்று கத்தினார். போகும்போது ரங்கத் போகிற பெங்காலி வாத்தியார்கள், திரும்பும்போது போர்ட் பிளேயர் போகிற நோயாளிகள், எல்லாரும் இறங்கினார்கள். பால் தீர்ந்துபோய் பக்கத்து வீட்டில் வாங்கினோம். "தங்கச்சி, உன் டீய குடிச்சா ஜிர்காடாங் கேட் வரைக்கும் கண்ணு சொக்காது" என்று ஈஸ்வரன் ரூபாவைப் பார்த்துச் சொன்னார். ரூபாவுக்கு இவர் வயதில் அண்ணன் இருந்திருக்கலாம். அவரும் அப்படித்தான் பழகுகிறார்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்ததாம். மேட்டுக்குப் போனவள் திரும்பி வந்து, "நான் கடை வெச்சிருக்கேன், வர முடியாதுன்னு சொல்லிட்டேன்" என்றாள். அப்படிச் சொல்ல அவளுக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது பாலா.

ஒரு வரியாவது எழுது.
அக்கா
ஜெயலட்சுமி


பாம்பூஃப்ளாட்.
8.4.2024

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை. ரோடு நம் வீட்டுப் பக்கம்தான் வருகிறது. அகலமாவது மட்டுமில்லை, வளைவை நிமிர்த்துகிறார்கள். புதுக் கோடு உன் கடை, முன்வீடு, அடுப்படி வரைக்கும் போகிறது. பின்னால் பாக்குக் கொட்டகை தப்பிக்கும்.

டிசம்பரிலேயே எனக்குத் தெரியும். அந்தக் கோட்டைக் கம்ப்யூட்டரில் போட்டவனே நான்தான். இத்தனை தடவை மாறியது இன்னொரு தடவை மாறும் என்று நினைத்தேன். மாறப்போகிற ஒன்றைச் சொல்லி உங்களை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று இருந்துவிட்டேன். நீ அஸ்திவாரம் போட்டதாக எழுதியபோதும் இதோ மாறிவிடும் என்றே இருந்தேன். போன வாரம் கையெழுத்தாகிவிட்டது. இனி மாறாது.

இப்போதாவது சொல்கிறேன், கேள். வேறு ஒரு ஊரில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். நோட்டீஸ் கொடுத்த மறுநாளே ஜே.சி.பி. வந்தது. ஒரு தகரம்கூட உருப்படியாக எடுக்க விடவில்லை. அப்பா போட்ட படாக் மரத் தூண்கள் இன்று காசு கொடுத்தாலும் கிடைக்காது. மழை தொடங்குவதற்கு முன்னால் நீங்களே பிரித்து எடுத்துவிடுங்கள். முதலில் தகரம், பிறகு சட்டம், கடைசியில் தூண். சர்வேயின்போதே வீட்டைப் போட்டோ எடுத்து எழுதியாகிவிட்டது, ஆகவே நஷ்ட ஈட்டுக்குப் பயமில்லை. அது வந்ததும் பின்னால் தள்ளிக் கட்டிக்கொள்ளலாம். கடையும் புது ரோட்டைப் பார்த்தே இருக்கும்.

மச்சானிடம் நீயே பக்குவமாகச் சொல். ரூபாவின் முகத்தை நினைத்தால் எனக்குப் பேனா ஓடவில்லை.

தம்பி
பாலகுமார்


லால்நாலா.
27.4.2024

பாலாவுக்கு,

சுகம். நீ சொன்னபடி பிரித்துவிட்டோம்.

மச்சான் உன் கடிதத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, "லேட்டா சொன்னாலும் சொன்னானே" என்று எழுந்து போய் ஏணியை எடுத்து வந்தார். ரூபா கடையிலிருந்த கண்ணாடிக் கிளாஸ்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள். ஈஸ்வரன் பஸ்ஸை நிறுத்திப் பார்த்துவிட்டு, "கியா ஹுவா அக்கா, என்னாச்சு?" என்றார். "ரோடு வருது" என்று சொன்னேன். ஹாரன் அடிக்காமல் போய்விட்டார்.

தகரம், சட்டம் எல்லாம் பாக்குக் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கி மூடியிருக்கிறது. தூண் நாலும் முழுசாக வந்துவிட்டது.

மச்சான் கொஞ்சம் படுத்திருக்கிறார். அலைச்சல்தான். நீ ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளாதே. இப்போதைக்கு இங்கே வர வேண்டாம், உன்னை உட்கார வைக்கக்கூட இடமில்லை. உமாவை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


பாம்பூஃப்ளாட்.
14.5.2024

என் அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் ராத்திரி தூக்கம் வந்தது. தூண்கள் முழுசாக வந்ததே பெரிய காரியம். மச்சானை ஓய்வெடுக்கச் சொல். இத்தனை வயதுக்கு அவர் கூரையேறியிருக்கக் கூடாது, ஆள் வைத்திருக்கலாம்.

ஒரு நல்ல தார்ப்பாய் வாங்கி ஈஸ்வரனிடம் கொடுத்திருக்கிறேன். மழை முடிந்து நவம்பரில் வேலை தொடங்கும் என்கிறார்கள். அதற்கு முன்னால் பணம் வந்துவிடும். ரூபா கிளாஸ்களைப் பெட்டியிலேயே வைத்திருக்கட்டும், எடுத்து அடுக்கும் நாள் தூரத்தில் இல்லை.

உங்களைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. நீ வேண்டாம் என்றதால் பொறுத்திருக்கிறேன்.

தம்பி
பாலகுமார்


லால்நாலா.
21.8.2024

தம்பி பாலாவுக்கு,

உடம்பு சுகமா? உமாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? மூன்று மாதமாக உன் எழுத்தைப் பார்க்கவில்லை.

இங்கே மழை விடவே இல்லை. கொட்டகையில் மூன்று பேரும் இருக்கிறோம். தார்ப்பாய் நன்றாகத் தாங்குகிறது. அடுக்கி வைத்த பலகைகளில் அடியில் இருந்தவை பூசணம் பூத்துவிட்டன. மாட்டை விற்றுவிட்டோம். கட்ட இடமில்லை, பார்க்கவும் ஆளில்லை.

எங்களைத் தவிர இந்த ஊரில் யாரும் பிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு சுகுணா, "நோட்டீஸ் வரட்டும்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு. நீங்க ஏன்க்கா அவசரப்பட்டீங்க?" என்று கேட்டாள். என் தம்பி ஆபீஸில் இருக்கிறான், அவனுக்கு முன்கூட்டியே தெரியும் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

நோட்டீஸ் எப்போது வரும்? அளக்க யாரும் வரவில்லை. ரங்கத்தில் கேட்டால் போர்ட் பிளேயரில் கேள் என்கிறார்கள். உனக்குத் தெரிந்ததை எழுது. மச்சானுக்கு முதுகு வலி இருக்கிறது, அதிகம் நடமாடுவதில்லை. வேறொன்றும் இல்லை.

அக்கா
ஜெயலட்சுமி


லால்நாலா.
30.10.2024

மாமாவுக்கு ரூபா எழுதுவது.

நீங்களும் அத்தையும் சுகமா? அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். இனியும் எனக்கு அது முடியாது.

போன வாரம் சர்வேக்காரர்கள் வந்தார்கள். நம் பக்கம் வரவே இல்லை. பள்ளிக்கூட மேட்டுக்கும் மேலே, மலைக்குள் முளை அடித்துக்கொண்டு போனார்கள். நான் ஓடிப் போய்க் கேட்டேன். ஒரு பையன், "இதர் ஸே நஹி, ஊபர் ஸே ஜாயேகா" என்றான். இந்தப் பக்கம் போகாதாம், மேலே போகுமாம். "நீச்சே கா சப் கேன்சல்" என்று கையை வேறு ஆட்டிக் காட்டினான், கீழே போட்டதெல்லாம் ரத்தாம். அம்மாவிடம் வந்து சொன்னேன். "அவனுக்கு ஹிந்தி சரியா தெரியாது, நீ தப்பா கேட்டிருப்ப" என்றாள். அவன் பீகார்க்காரன், மாமா.

அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. கூரை பிரித்த அன்று முகட்டுச் சட்டம் மக்கியிருந்திருக்கிறது. அவர் கால் வைத்ததும் முறிந்தது. கடைச் சுவருக்கு இறக்கி மீந்துபோய் அடுக்கியிருந்த கற்களின் மேல் மல்லாந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ரங்கத்திலிருந்து போர்ட் பிளேயருக்கு ஆம்புலன்ஸில் கொண்டு வந்தோம். மீதியை ஊர்க்காரர்கள்தான் பிரித்து அடுக்கினார்கள். மிடில் ஸ்ட்ரெயிட்டைக் கடக்க ஃபெர்ரிக்குக் காத்து நின்றபோது, "ரூபா, என் செருப்ப எடுத்தியா?" என்று கேட்டார். அப்போதே எனக்குப் பயம் வந்துவிட்டது. கால் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை, செருப்பை மட்டும் தேடினார்.

மூன்று வாரம் போர்ட் பிளேயரில் இருந்தோம். அம்மா ஏப்ரலில் உங்களுக்கு எழுதினாளே, அந்தக் கடிதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதியது. மேலே லால்நாலா என்று போட்டு, ஈஸ்வரன் அண்ணனிடம் கொடுத்து, ஊரிலிருந்து வந்ததுபோல் கொடுக்கச் சொன்னாள். மாமா தண்ணிக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லம்மா என்று நான் எவ்வளவோ கெஞ்சினேன். "நல்லதுக்குத்தான் பிரிக்கச் சொன்னான். இத கேட்டா அவன் செத்துருவான்டி" என்றாள். டாக்டர்கள் முடிந்ததைச் செய்தார்கள். இனி எழுந்திருக்க மாட்டார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நான் ஒன்றுதான் கேட்கிறேன். மேலே போகிறது என்பது நிஜமா?

ரூபா


பாம்பூஃப்ளாட்.
19.11.2024

ரூபாவுக்கும் அக்காவுக்கும்,

நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

நிஜம்தான். நாலாவில் பாலத்துக்காகத் துளை போட்டுப் பார்த்தார்கள். எவ்வளவு ஆழம் போனாலும் சேறு. தூண் நிற்காது என்றுவிட்டார்கள். ஜூன் மாதத்தில் கோட்டை மலைப்பக்கம் ஏற்றச் சொன்னார்கள். பழைய கோட்டை நான்தான் அழித்தேன். உன் வீட்டு மேலிருந்த அந்தக் கோட்டை அழித்தபோது எனக்குச் சந்தோஷம் வந்தது அக்கா. ஒரு நொடிதான். அதற்குப் பிறகுதான் அங்கே வீடு இல்லை என்பது ஞாபகம் வந்தது.

நீ ஆகஸ்டில் கேட்டாய். பல தடவை எழுத உட்கார்ந்தேன். நாங்கள் நலம் என்பதற்கு மேல் ஓடவில்லை. நவம்பருக்குள் பணத்துக்கு ஏதாவது வழி செய்துவிட்டுச் சொல்லலாம் என்று பெரிய அதிகாரியிடம் போனேன். "இடிக்கச் சொல்லி யார் ஆர்டர் கொடுத்தது?" என்று கேட்டார். நான்தான் சொன்னேன் என்றேன். "நீங்க யாரு?" என்றார். அந்த ஊர் இப்போது திட்டத்திலேயே இல்லை, இல்லாத ஊருக்கு எந்தக் கணக்கில் கொடுப்பது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. புது ரோடு முடிந்ததும் கீழே இருப்பது நாலாவோடு நின்றுபோகும். எந்த எண்ணும் இருக்காது.

மச்சானைப் பற்றி எனக்குத் தெரியாது. அந்த மூன்று வாரமும் தினமும் ஆஸ்பத்திரிக்குக் கீழே இருக்கிற ரோட்டில்தான் ஆபீஸ் போய் வந்தேன். நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டேன். உமாவிடம் சொன்னேன். அவள், "நீங்க ஒண்ணு முன்னாடியே சொல்லியிருக்கணும், இல்ல கடைசி வரைக்கும் சொல்லாம இருந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டிசம்பர் இரண்டாம் வாரம் வருகிறேன். மச்சான் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

பாலகுமார்


லால்நாலா.
12.1.2025

தம்பி பாலாவுக்கு அக்கா எழுதுகிறேன்.

நானும் மச்சானும் இருக்கிறோம். உனக்கு இருமல் இருப்பதாக ஈஸ்வரன் சொன்னார், ஆகையால் நலமா என்று கேட்கவில்லை. மருந்து சாப்பிடு.

ஈஸ்வரன் இன்னொன்றும் சொன்னார். ஒரு மாதமாக மனதிலேயே வைத்திருந்து நேற்றுத்தான் சொன்னார். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஒங்க தம்பி வர்றேன்னு சொன்ன அன்னிக்கு என் பஸ்லதான் வந்தாரு. வாசல்லயே நிறுத்துறேன்னேன். வேணாம்னு பள்ளிக்கூட மேட்டுலயே எறங்கிட்டாரு. நான் ரங்கத் போயிட்டுத் திரும்பி வர்றேன், அதே எடத்துல நிக்கிறாரு. கீழேயே பாத்துக்கிட்டு. ஏறுங்க சார்னேன். ஏறிட்டாரு." இதைச் சொல்லிவிட்டு அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று காலையில் நீ வருவாய் என்று மீன் வாங்கியிருந்தேன். மச்சானைத் துடைத்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தோம். மத்தியானம் வரைக்கும் சாப்பிட மாட்டேன் என்றார். "பஸ் போன சத்தம் கேட்டுச்சே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆபீஸில் லீவு கொடுத்திருக்க மாட்டார்கள் என்று சொன்னேன். நீ மேட்டில் நின்றதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

நீ எந்தக் கடிதத்திலும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. காலையில் அவரைப் புரட்டும்போது வருகிறது. அவர் தூங்கிவிட்டால் போய்விடுகிறது. மறுபடி காலையில் வருகிறது. இது எப்போதாவது நின்றுபோகும் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். மச்சானுக்குக் கோபம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால், "கொழந்தைல இருந்தே அவன் பயந்தவன்" என்கிறார்.

அவர் முதுகில் புண் வைத்துவிட்டது. ஒரே பக்கமாகப் படுக்க வைக்கக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும் என்று ரங்கத் டாக்டர் சொன்னார். ரூபா கால் பக்கம் பிடிப்பாள், நான் தோள் பக்கம். ரூபா நாளை போகிறாள். போர்ட் பிளேயர் பக்கம் சிப்பிகாட்டில் ஒரு கேண்டீனில் வேலை கிடைத்திருக்கிறது, தங்க இடமும் கொடுக்கிறார்கள். ரோடு மேலே போய்விட்டால் இங்கே இனி யாருக்கு டீ விற்பது? போக வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் போகாமல் அங்கே போகிறாளே, அது போதும். அவளைப் போய்ப் பார்த்துக்கொள் என்று உமாவிடம் சொல்.

அவள் போன பிறகு நான் ஒருத்தியாகத்தான் புரட்ட வேண்டும். நேற்று ஒருத்தியாகச் செய்து பார்த்தேன். பாதியில் கை நழுவிவிட்டது. "பரவால்ல லட்சுமி, வலிக்கல" என்றார்.

அதனால் நீ வா. மன்னிப்புக் கேட்க வராதே, கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. மேட்டில் இறங்காதே, வாசலில் இறங்கு. ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வா. கால் பக்கம் பிடிக்க ஆள் வேண்டும்.

அக்கா
ஜெயலட்சுமி